களவும் கற்பும்: பாடியதும் மறைத்ததும்

உயர்தர வகுப்பிலே குறுந்தொகையின் நாற்பதாம் பாடலை நாம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி எழுந்து, "அதுக்குப் பிறகு அவை எப்பிடி இருந்தவை சேர்?" என்று கேட்டாள். செம்மண்ணிற் பெய்த மழைநீர்போல இரு நெஞ்சங்கள் கலந்தமையைக் கூறும் அப்பாடலைப் பற்றி நாம் அரைமணி நேரம் உருகிப் பேசியிருந்தோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு, "அது பாட்டில் இல்லை" என்று கூறி அடுத்த பாடலுக்குச் சென்றோம்.

மணியடித்த பின்னரே நாம் கூறியது முழு உண்மையன்று என்பது உறைத்தது. அந்த ஒரு பாட்டிலே இல்லை என்பது சரியே. ஆனால் அதே குறுந்தொகையில் உண்டு. அகநானூற்றிலும் நற்றிணையிலும் ஐங்குறுநூற்றிலும் கலித்தொகையிலும் நிறைய உண்டு. தலைவனும் தலைவியும் "அதுக்குப் பிறகு" எப்படி இருந்தனர் என்பதைப் பழந்தமிழ்ப் புலவர்கள் மறைக்கவில்லை. மறைத்தவர்கள் நாமே. மேடைகளிலும் பாடநூல்களிலும் களவின் பாட்டைப் பாடி, கற்பின் கதையைச் சுருக்கி முடித்துவிட்டவர்கள் நம் காலத்தவரே. இது எவ்வாறு நேர்ந்தது, இதனால் யாருக்கு நட்டம் என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழரின் காதல்பற்றி நம்மிடையே வழங்கும் சித்திரம் எல்லோரும் அறிந்ததே. சாதி இல்லை, சோதிடம் இல்லை, சீதனம் இல்லை. மலைச்சாரலில் இருவர் கண்டனர், காதலித்தனர், மணந்தனர், வாழ்ந்தனர் என்பது அச்சித்திரம். இதில் ஓரளவு உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் "களவு" என்ற சொல்லையே நாம் சற்று நின்று நோக்குவதில்லை. களவு என்பது திருட்டு. திருட்டு என்று ஒன்று இருந்தால் உடையவர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். காதலர் இருவரும் தம் நெஞ்சங்களைத் தாமே கொடுத்துக்கொண்டது திருட்டு ஆயிற்று என்றால், பெண்ணைக் கொடுக்கும் உரிமை வேறு யாரிடமோ இருந்தது என்பதே பொருள்.

அகப்பாடல்களின் துறைகளே இதற்குச் சான்று. இற்செறிப்பு என்றொரு துறை. பெண்ணை வீட்டினுள் அடைத்து வைத்தலை அது குறிக்கும். அலர் என்றொன்று, ஊரார் வாயில் பெண்ணின் பெயர் படுவதை அது சொல்லும். நொதுமலர் வரைவு என்றொன்று. அயலார் பெண் கேட்டு வருதலும் பெற்றோர் இசைதலும் அதன் பொருள். மகளின் மெலிவுக்குக் காரணம் முருகன் என்று எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு நடத்தும் தாயர் அங்கே உள்ளனர். நாய் குரைக்கும், நிலவு வெளிப்படும், காவலர் உலவுவர். இத்தனை காவலுக்கு நடுவே கிடைத்த சில கணங்களையே குறிஞ்சிப் பாட்டுக்கள் பாடின. ஆகவே அவை சுதந்திரக் காதலின் படங்கள் அல்ல. சுதந்திரமின்மையின் நடுவே எழுந்த ஏக்கத்தின் படங்கள். அவற்றின் அழகு அந்த ஏக்கத்தில் இருந்தே பிறந்தது.

இந்தக் காதலும் எல்லோருக்கும் உரியதாகக் கொள்ளப்படவில்லை. பிறப்பு, குடிமை, திரு முதலிய பத்து வகையிலும் தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. தலைவன் உயர்ந்தவனாயின் குற்றமில்லை என்றும் அது கூறும். தலைவி உயர்ந்தவளாயின் என்ன என்பதை அது பேசவில்லை. அடியோரையும் வினைவலரையும், அதாவது பிறர்க்கு ஏவல் செய்வோரையும் கூலிவேலை செய்வோரையும், அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திக் கைக்கிளை பெருந்திணைகளுக்கு உரியோர் ஆக்கியது இலக்கணம். கலித்தொகையின் மருதக்கலியிலே கூனியும் குறளனும் காதல் பேசும் பாட்டொன்று உண்டு. அரண்மனை ஏவலரான அவ்விருவரின் காதல் அங்கே நகைச்சுவையாகவே வருகிறது. தலைமக்கள் காதலித்தால் அன்பு, ஏவலர் காதலித்தால் சிரிப்பு! உயர்ந்த காதல் என்பதும் ஓர் உடைமையாகவே இருந்தது என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இனி, மணத்திற்கு வருவோம். அகநானூற்றின் 86ஆம் பாட்டும் 136ஆம் பாட்டும் பழந்தமிழர் மணவிழாவைக் காட்டுகின்றன. பந்தலிட்டு மணல் பரப்பியிருக்கிறார்கள். உழுத்தம்பருப்புச் சோறு குவிந்திருக்கிறது. திங்கள் நல்ல நாளில் நிற்கிறது. நல்லாவூர்கிழார் பாடிய 86ஆம் பாட்டிலே, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அங்கே எரியோம்பும் புரோகிதர் இல்லை, தீவலமும் இல்லை. பெண்கள் நடத்திய மணம் அது. நமது பெருமை பேசுவோர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வர். அந்த நால்வரின் வாழ்த்து என்ன என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை: கற்பினின்று வழுவாதே, கொண்டவன் விரும்பிப் பேணும் துணையாகு என்பதே அவர்களின் வாழ்த்து. கற்பு வழுவாமை அங்கு பெண்ணுக்கே கூறப்பட்டது. ஆணுக்கு அத்தகைய வாழ்த்தொன்றும் இல்லை.

தொல்காப்பியத்தின் கற்பியல் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. காதலர் உறவிலே பொய்யும் தவறும் புகுந்த பின்னரே பெரியோர் மணச்சடங்கை ஏற்படுத்தினர் என்பது அதன் கூற்று. அதாவது, மணந்துகொள்வேன் என்று கூறிப் பின் அறியேன் என்று மறுத்த ஆடவர் இருந்தனர். சடங்கு ஒரு காப்புறுதியாக வந்தது. மேலோர் மூவர்க்கு வகுத்த சடங்கு கீழோர்க்கும் ஆகிய காலம் உண்டு என்றும் அந்நூல் கூறுகிறது. மணமுறை மாறி வந்தது, வகுப்பு வகுப்பாகப் பரவியது என்ற வரலாற்றுணர்வு இலக்கண ஆசிரியருக்கே இருந்தது. அழியாத ஒரே தமிழ்மணம் என்று ஒன்று இருந்ததாக அவர் கருதவில்லை. நாம்தான் கருதுகின்றோம்.

மணத்தின் பின் என்ன என்ற மாணவியின் வினாவுக்கு மருதத்திணையே விடை. மருதம் வயலும் ஆறும் சூழ்ந்த நிலம். அதன் உரிப்பொருள் ஊடல். ஊடலுக்குக் காரணம் தலைவனின் பரத்தமை. ஐந்நூறு பாடல் கொண்ட ஐங்குறுநூற்றிலே ஓரம்போகியார் பாடிய மருதம் நூறும் முதலில் நிற்கின்றன; கபிலரின் குறிஞ்சி மூன்றாவதாகவே வருகிறது. தொகுத்தோர்க்கு மருதம் மறைக்கவேண்டியதாகத் தோன்றவில்லை.

ஏன் மருதத்தில் மாத்திரம் பரத்தையர் தோன்றினர்? ஒழுக்கக்கேடு என்று கூறி இவ்வினாவைக் கடந்துவிட முடியாது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய ஆய்விலே, ஐந்திணைகளையும் சமமற்ற பொருளாதார வளர்ச்சி நிலைகளோடு இணைத்து விளக்கினார். வேட்டையும் தினைப்புனமும் வாழ்வாக இருந்த மலைநிலத்தில் மிச்சப்படுவது குறைவு. நீர்ப்பாய்ச்சலும் நெல்லும் வந்த மருதத்திலே உபரி உண்டாயிற்று. உபரியோடு ஊர்த்தலைவர்களும் அரசும் வந்தனர். பிறர் உழைப்பில் ஓய்ந்திருக்கக்கூடிய ஆடவர் வகுப்பொன்று உருவாயிற்று. அந்த வகுப்பின் ஆடவனே மருதத்தின் "ஊரன்", "மகிழ்நன்". 1884இல் எங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றம்பற்றி எழுதிய நூலில், உடைமையோடு பிறந்த ஒருதார மணம் நடைமுறையில் பெண்ணை மட்டுமே கட்டுப்படுத்தியது என்றும், பரத்தமை அதன் நிழலாக உடன்வந்தது என்றும் கூறினார். அவர் தமிழ் அறியாதவர். ஆயினும் மருதப் பாடல்கள் அவருக்குச் சான்று கூற வந்தனபோல நிற்கின்றன.

இலக்கணத்தின் ஒரு விதியை இவ்விடத்திற் குறிப்பிடாமல் இருக்க முடியாது. தலைவன் பரத்தையின்பொருட்டுப் பிரிந்திருப்பினும், தலைவிக்குப் பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரு நாள் அவளைப் பிரிந்து உறைதல் ஆகாது என்று கற்பியல் விதிக்கிறது. காரணம் வெளிப்படை: குடிக்கு மகன் வேண்டும். பரத்தையோடு வாழ்தலைத் தடுக்க இலக்கணத்துக்குக் கவலை இல்லை. வாரிசு தடைப்படாமற் பார்த்துக்கொள்ளவே கவலை. கற்பு என்ற உயர்ந்த சொல்லின் அடியிலே இந்தக் கணக்கு இருந்தது.

ஆனால் இலக்கணம் கணக்குப் பார்த்த இடத்திலே கவிஞர்கள் மனிதரைப் பார்த்தனர். சாகலாசனார் பாடிய அகநானூற்று 16ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தலைவி கணவனிடம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறாள். தேர்கள் செல்லும் தெருவில் தனியே நின்றான் அவர்களின் சிறுமகன். அவ்வழியே வந்த பரத்தை, யாரும் காணவில்லை என்று எண்ணி, தன் காதலனின் சாயலை அச்சிறுவனிடத்திற் கண்டு அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். தலைவி கண்டுவிட்டாள். பரத்தை நாணி நிலத்தைக் கீறி நின்றாள். அப்போது தலைவி அவளை ஏசவில்லை. இவனுக்கு நீயும் ஒரு தாய்தானே என்று கூறி அணைத்துக்கொண்டாள். இந்தப் பாட்டிலே பொறுமையும் உண்டு, குத்தலும் உண்டு. அவற்றுக்கு மேலாக, ஒருவனால் இருபுறமும் நிறுத்தப்பட்ட இரண்டு பெண்கள் ஒரு குழந்தையின் முன்னே ஒருவரையொருவர் கண்டுகொண்ட கணமும் உண்டு. குற்றவாளி அந்தத் தெருவிலேயே இல்லை. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவ்வளவே.

பரத்தைக்கும் அப்புலவர்கள் வாய் கொடுத்தனர். ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை எட்டாம் பாட்டிலே பரத்தையே பேசுகிறாள். எம் இல்லத்தில் வந்து பெருமை பேசியவன், தன் வீட்டுக்குப் போனதும் கண்ணாடிப் பாவை போல, எதிர் நிற்பவர் கை தூக்கக் கை தூக்கி, தன் மகனின் தாய்க்கு ஆடுகிறான் என்பது அவளுடைய எள்ளல். மனைவியையும் ஏளனம் செய்து, அவனையும் ஏளனம் செய்து, தன் நிலையையும் அவள் காட்டிவிடுகிறாள். மணவாழ்க்கையின் போலித்தனத்தை இத்தனை சுருக்கமாகக் காட்டிய நவீன சிறுகதைகள் நம்மிடம் எத்தனை?

மருதமொன்றே கற்பு அன்று என்பதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். கூடலூர்கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாட்டிலே புதுமணப் பெண்ணொருத்தி தயிர் பிசைந்த விரலை ஆடையிலே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணிற் பட, தானே சமைத்துப் பரிமாறுகிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. போதனாரின் நற்றிணை 110ஆம் பாட்டிலே, பொற்கிண்ணத்துத் தேன்கலந்த பாலை உண்ணமாட்டேன் என்று ஓடி விளையாடிய பெண், கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். இவை பொய்யல்ல. சமையலறைப் புகையும் ஒருவேளைச் சோறும் நிறைந்த அன்பு இது. மலைச்சாரலின் களவை விட இதுவே கடினமான காதல் என்று நாம் கருதுகின்றோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விரு பாட்டையும் கூறுவோர் செவிலித் தாயர். மகள் புகையிலே நின்றபோதும் பசித்திருந்தபோதும் என்ன நினைத்தாள் என்பதை இப்பாடல்களில் அவள் வாயால் நாம் கேட்பதில்லை.

அகப்பாடலில் ஒருவர் பெயரையும் சுட்டுதல் ஆகாது என்பது மரபு. ஆதலால் இவை கற்பனை, உலகியலிற் காணோம் என்று சாதிப்போர் உண்டு. அவர்களுக்குப் புறநானூறு பதில் கூறும். 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் ஒரே பெண்ணைப் பற்றியவை. மயிலுக்குப் போர்வை கொடுத்து வள்ளல் எனப் புகழ்பெற்ற வையாவிக் கோப்பெரும் பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடிச் சென்றான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வரும் அவளுக்காகப் பாடினர். எமக்குப் பசியில்லை, அணியும் பொருளும் வேண்டா. நீ தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே எமக்குத் தரும் பரிசில் என்பது அவர்கள் வேண்டுகோள்.

பரணரின் 144ஆம் பாட்டிலே அவள் சிறிது பேசுகிறாள். பேகனுக்கு நீ உறவோ என்று பாணர் கேட்டபோது, விரலாற் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நாம் அவன் உறவினர் அல்லோம் என்கிறாள்; என்னைப்போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவன் இன்ன ஊருக்குப் போகிறான் என்கிறார்கள் என்றும் சொல்கிறாள். மணமுடித்த மனைவி தன்னை உறவில்லாதவள் என்று கூறிக்கொண்ட இவ்விடம் பழந்தமிழ் இலக்கியத்தின் மிகத் துயரமான இடங்களில் ஒன்று. குளிரில் நடுங்கியதோ என்று மயிலுக்கு இரங்கியவனின் கதையை நாம் சிறுவகுப்பு முதற்கொண்டு கற்பிக்கிறோம். அவன் வீட்டில் அழுதவளின் கதையை எந்த வகுப்பில் கற்பிக்கிறோம்?

அவள் பெயரே பின்னொரு காப்பியத்தின் தலைவிக்கும் பெயராயிற்று. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது சமுதாயம் வெகுவாக மாறிவிட்டது. பன்னீராண்டுப் பெண்ணுக்கும் பதினாறாண்டு இளைஞனுக்கும் இருபக்கப் பெற்றோரும் மணம் பேசுகின்றனர். யானைமீது மகளிரை ஏற்றி நகருக்கு அறிவிக்கின்றனர். முதிய பார்ப்பான் சடங்கு நடத்த, மணமக்கள் தீவலம் வருகின்றனர். அகநானூற்றின் நான்கு பெண்கள் இருந்த இடத்தில் இப்பொழுது புரோகிதர் நிற்கிறார். இந்த மணத்திலே களவு இல்லை. இரு பெரும் வணிகக் குடிகளின் இணைப்பு உண்டு.

மனையறம்படுத்த காதையிலே கோவலன் கண்ணகியைப் பொன் என்றும் முத்து என்றும் அளவின்றிப் புகழ்கிறான். அக்காதையிற் கண்ணகி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அடுத்த காதையிலேயே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து மாதவியின் மாலையை வாங்கி அவன் போய்விடுகிறான். பழைய களவுப் பாட்டின் சுவையெல்லாம் இக்காப்பியத்தில் எங்கே ஒலிக்கிறது? மணமனையிலே அல்ல, கடற்கரையிலே. கோவலனும் மாதவியும் யாழ் மீட்டிப் பாடும் கானல்வரியிலே. காதற்பாட்டு ஒரு வீட்டில், மணம் இன்னொரு வீட்டில். இப்பிளவை இளங்கோவைப்போல் நேர்நின்று காட்டியவர் வேறில்லை. கண்ணகி பேசும் காலமும் வருகிறது. நீராடித் தெய்வம் தொழுதால் கணவனைப் பெறலாம் என்று தேவந்தி கூறியபோது, அது பெருமையன்று என மறுக்கிறாள். மதுரைக்குப் புறத்தே, நீர் செய்தது நல்லொழுக்கமன்று என்று முதன்முறையாகக் கணவனிடமே சொல்கிறாள். சொன்ன அன்றைக்கே அவன் கொலையுண்கிறான். பத்தினித் தெய்வமாக அவளை வணங்கும் நாம், அவள் மணவாழ்வில் எத்தனை வார்த்தை பேசினாள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பின்வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடப்போம். திருக்குறளின் இன்பத்துப்பால் 250 குறளில் 180 குறள் கற்பியலுக்கு உரியன. அங்கே பெண் வாய்திறந்து பேசுகிறாள். ஆனால் அறத்துப்பாலின் வாழ்க்கைத் துணைநலத்தில் அவளைப்பற்றிப் பிறர் பேசுகின்றனர்; இரு பால்களிலும் வருபவள் ஒருத்திதானா என்ற ஐயம் எழும். பக்தி இயக்கத்திலே களவின் பாட்டு கோயிலுக்குள் புகுந்தது. ஆன்மா தலைவியாகவும் இறைவன் தலைவனாகவும் ஆயினர். மனிதப் பெண்ணின் ஏக்கம் உருவகமாயிற்று. அதே இயக்கத்தின் வரலாற்றைக் கூறிய சேக்கிழாரே புனிதவதியின் கதையையும் கூறினார். மாங்கனியின் அற்புதத்தைக் கண்டு அஞ்சிய பரமதத்தன் அவளை விட்டு வேற்றூர் சென்று மறுமணம் செய்துகொள்கிறான். அவளோ கணவனுக்காகச் சுமந்த உடலழகை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெறுகிறாள். காரைக்காலம்மையாராக அவளை வணங்குவோர், மணத்தால் கைவிடப்பட்ட பெண்ணுக்கு உடலோடு வாழ இடமில்லாதிருந்த உலகத்தையும் அங்கே காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பழைய ஏடுகள் அச்சேறின. இதில் நம் நாட்டவரின் பங்கு பெரிது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் வெளிவந்தன. அந்நியராட்சியின் கீழ் இழிவுற்றிருந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு இவை மானத்தை மீட்டுக் கொடுத்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மானம் தேடிய கண்ணுக்குப் பொற்காலமே தென்பட்டது. குறிஞ்சி மேடையேறிற்று, மருதம் உரைநூல்களுக்குள் ஒதுங்கிற்று. விக்டோரியா கால ஒழுக்கத்திற் பயின்ற படித்த வர்க்கத்துக்குப் பரத்தையர் பாட்டு நாணமூட்டியதும் இதற்கொரு காரணம்.

அதே காலத்தில் இப்பாடல்களைப் படித்து மகிழ்ந்த யாழ்ப்பாணத்து வீடுகளில் மணம் எவ்வாறு நடந்தது? அதற்குச் சான்று பாட்டு அன்று, சட்டம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வகுத்தது. சீதனம் பெற்று மணமுடித்த மகள் பெற்றோரின் ஏனைய சொத்தில் உரிமை கோர இயலாது. அடிமைகளைப்பற்றிய விதிகளும் அதே தொகுப்பில் உண்டு. தொல்காப்பியத்தின் அடியோரும் கிழத்தியும் சட்டத்தின் பக்கங்களில் மீண்டும் அண்டை அயலாகினர். 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், தன் பெயரிலுள்ள காணியையும் கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றி மனைவி விற்க முடியாது என்றது. அகநானூற்று 280ஆம் பாட்டிலே அம்மூவனாரின் தலைவன், பெரும்பொருள் கொடுத்தும் பெறற்கரிய பரதவர் மகளுக்காக, அவள் தந்தையோடு உப்பளத்தில் உழைக்கவும் கடலிற் செல்லவும் எண்ணுகிறான். பெண்ணுக்காக ஆண் உழைக்க வந்த நிலை அது. பெண்ணோடு காணியும் நகையும் சேர்ந்து வந்தாலன்றி ஆண் வாரான் என்பது பின்வந்த நிலை. விலையின் திசை மாறிற்று. பெண்ணுக்கு விலையிடும் வழக்கம் மாறவில்லை.

ஈழத்துத் தமிழ் நாவலும் இந்த இரு வழிகளையும் தன் தொடக்கத்திலேயே காட்டிற்று. திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட மோகனாங்கி நாயக்கர் காலத்து அரண்மனைக் காதற்கதை. பெண்களின் உரிமைக்காகத் தத்தைவிடு தூது என்னும் செய்யுள்நூலை இயற்றிய முற்போக்காளர் அவர். அவரும் காதலைப் பாட அரசர் காலத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. தம் காலத்து வீடுகளில் அதற்கு இடம் காண்பது அரிதாயிருந்தது போலும். பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1914இல், மங்களநாயகம் தம்பையா நொறுங்குண்ட இருதயம் எழுதினார். அவர் அரண்மனைக்குச் செல்லவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் நுழைந்தார். கணவனின் கொடுமையைத் தாங்கி நலியும் மனைவி அக்கதையின் மையம். கிறித்தவப் பொறுமையைப் போதிக்கும் நோக்கம் அதில் மேலோங்கி நிற்பது மெய்யே. கலையமைதியிலும் குறைகள் உண்டு. ஆயினும் பேகனின் மனைவிக்குப் புலவர் நால்வர் பரிந்து பேச வேண்டியிருந்தது. இங்கே ஒரு பெண்ணே எழுத்தாளராகி, மணவாழ்வின் உள்ளறையை அச்சிலே திறந்துவிட்டார். நம் இலக்கிய வரலாற்றில் அது சிறிய நிகழ்ச்சியன்று.

இலட்சியக் காதலைப் பாடுவது குற்றம் என்று நாம் கூறவில்லை. செம்புலப் பெயல்நீராரின் உவமை என்றும் வாழும். அதை வகுப்பறையிற் படிக்கும் இளைஞர்க்கு, குடியும் குலமும் கேளாமல் ஒருவரை நேசிக்கலாம் என்ற நம்பிக்கையை அது தரட்டும். ஆனால் அந்த நம்பிக்கையை நிறைவேற்றத் தடையாக நிற்பது எது என்பதை மறைத்துவிட்டு நம்பிக்கையை மட்டும் கொடுப்பது ஏமாற்று. காதலின் பெருமையை மேடையிற் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து மகனுக்குச் சீதனம் பேசும் ஆசிரியர்களையும் நாம் அறிவோம். அவர்களுக்கு இரண்டுக்கும் முரண் தோன்றுவதில்லை. காதல் சங்ககாலத்துக்கு உரியது, கலியாணம் நொத்தாரிசுக்கு உரியது என்று பிரித்துக்கொண்டால் முரண் எப்படித் தோன்றும்? பொற்காலக் கதையின் பயன் இதுவே: அது இன்றைய கணக்கைத் தொந்தரவு செய்வதில்லை.

வினாக் கேட்ட மாணவி அடுத்த தவணை தொடங்கியபோது வகுப்பில் இல்லை. கலியாணம் நிச்சயமாகிவிட்டது, காணி எழுதித் தீர்ந்தபின் நாள் வைப்பார்கள் என்று உடன்கற்றவர்கள் கூறினர். அவள் அன்று பழைய காதலரைப் பற்றிக் கேட்டதாகவே நாம் எண்ணியிருந்தோம். தன்னைப்பற்றியே கேட்டாள் போலும்.

அன்று அவளுக்கு நாம் கூறத் தவறிய விடையை இப்பொழுது ஒவ்வோராண்டும் கூறி வருகின்றோம். குறிஞ்சிக்கு அடுத்த பாடமாக மருதத்தை வைக்கிறோம். கபிலரின் மலையை விளக்கிய நாளிலேயே பேகனின் வாயிலில் நின்று அழுதவளையும் விளக்குகிறோம். சாகலாசனாரின் தெருவில் நின்ற இரண்டு பெண்களையும் வகுப்பின் முன்னே நிறுத்தி, இவர்களை இங்கே நிறுத்தியவர் யார் என்று கேட்கிறோம். பாடத்திட்டத்தில் இதற்குத் தடை ஏதுமில்லை. தடை நம் நாவில் இருந்தது. முன்போல் வகுப்பு சிரிப்பதில்லை. பெண்பிள்ளைகள் எழுதிக்கொள்கின்றனர், ஆண்பிள்ளைகள் சிலர் தலைகுனிகின்றனர். பழந்தமிழ்ப் புலவர்கள் மறைக்காமற் சொன்னதை மறைக்காமற் கற்பித்தலே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை. களவின் பாட்டு மெய்யாக வேண்டுமாயின், கற்பின் கணக்கை முதலில் திருத்தியாக வேண்டும்.